முதிய கடலோடியின் முகம்: நீர்வர்ண உருவப்படங்கள் பற்றிய சில குறிப்புகள்

உருவப்பட ஓவியம் பற்றித் தமிழில் எழுதப்பெறும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஒப்புமை என்னும் ஒரே அளவுகோலைக் கொண்டே இயங்கி வந்துள்ளன. வரையப்பட்டவர் படத்திலே தத்ரூபமாக இருக்கின்றாரா என்பது கேட்கப்படுகின்றது. அவர் ஏன் வரையப்பட்டார், எந்த வயதினராக வரையப்பட்டார், அவரது பெயர் படத்தின் அடியில் எழுதப்பெற்றதா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்கள் ஓவியத்திற்குப் புறம்பானவை, சமூகவியலாளருக்கு உரியவை என்று கூறுவோரும் உளர். அவற்றுக்குரிய விடை தாளிலும் தூரிகைத் தடத்திலுமே கிடைக்கின்றது என்பது எமது கருத்து. அதனை நிறுவுவதற்குப் பெருங்கலைப் படைப்புகளை விடுத்து, எளியதும் சற்று ஏளனமாக நோக்கப்படுவதுமான ஒரு வகையை எடுத்துக்கொள்ளலாம். நீர்வர்ணத்தில் தீட்டப்பெற்ற முதிய கடலோடியின் உருவப்படமே அது.

ஆங்கிலேயரின் ஓவியப் பயிற்சிமுறை சென்ற இடமெல்லாம் இப்படமும் சென்றுள்ளது. நரைத்த தாடி, கம்பளித் தொப்பி, வாயோரத்திற் புகைக்குழாய், வெயிலுக்குச் சுருக்கிய கண்கள், பின்னணியில் மங்கலான நீலம். பயில்வோருக்கு இதனைவிட வசதியான பொருள் கிடைப்பதரிது. இளம்பெண்ணொருத்தியின் கன்னத்தில் நீர் தேங்கிக் கறை விழுந்தாற் படம் கெடும். கிழவனின் கன்னத்தில் விழுந்தால் அது அநுபவத்தின் சின்னமாகிவிடும்! கோல்றிட்ஜின் 'பண்டைய மாலுமி' 1798இல் வெளிவந்ததும், தெனிசனின் 'யூலிசிஸ்' 1842இல் அச்சேறியதும், முதிய கடலோடியைத் தத்துவம் பேசும் ஒருவனாக ஆங்கில வாசகர் மனத்தில் நிலைநிறுத்தின. ஓவியம் அதனைப் பின்தொடர்ந்தது எனலாம்.

நோர்வூட்டைப் போன்ற ஓரிடத்திலிருந்து இப்பொருளை ஆராய்வது பொருந்தாதெனத் தோன்றக்கூடும். கெஹெல்கமு ஓயாவின் கரையில், தேயிலை மலைகளுக்கு நடுவே, மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் வீதி பிரியும் இச்சந்தியிற் கடல் கண்ணுக்குப் படுவதில்லை. ஆயினும் இங்குள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வரலாறு கடலிலிருந்தே தொடங்குகின்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகையிரதத்துடன் இணைந்த கப்பற் சேவை தொடங்குவதற்கு முன்னர், இவர்களின் முன்னோருட் பலர் பாம்பன் முதலிய துறைகளிலிருந்து பாய்த் தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். அத்தோணிகளைச் செலுத்திய தண்டையல் ஒருவரின் முகத்தையேனும் எந்த நீர்வர்ண ஓவியரும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. மலையகத்து நாட்டார் பாடல்கள் அக்கடப்பை நினைவிற் கொண்டுள்ளன, சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தொகுத்தளித்துள்ளார். படங்களோ இல்லை. இவ்வின்மையை வெறும் தற்செயலென்று கொள்வதற்கில்லை.

முதலில் ஊடகத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நீர்வர்ணம் பிரயாணிகளினதும் படை அதிகாரிகளினதும் கருவியாக வளர்ந்தது. எண்ணெய் வர்ணத்தைப் போன்று உலர நாட்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு பெட்டியும் தாளும் போதும். ஆங்கில நீர்வர்ணத்தின் முன்னோடிகளுள் ஒருவரான போல் சான்ட்பி 1768 முதல் வூலிச் இராணுவக் கழகத்தில் ஓவிய ஆசிரியராயிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. பீரங்கி நிறுத்தவேண்டிய மேட்டினை வரையக் கற்ற கையே குடியேற்ற நாடுகளின் மக்களையும் வரைந்தது. இவ்வூடகத்தின் தூய முறையில் வெண்மை என்றொரு வர்ணம் இல்லை. தாளின் வெண்மையே வெண்மை. ஆகவே நரைமுடியை ஓவியர் தீட்டுவதில்லை. அதனைச் சூழ இருளைத் தீட்டி, நரையைத் தீண்டாது விட்டுவிடுகின்றார். கிழவனின் தாடி என்பது தூரிகை படாத தாள். எதனைத் தீண்டாது விடுவது என்பதை முதலிலேயே தீர்மானிக்கும் ஓவியர் மாத்திரமே முதுமையை இம்முறையில் வரையமுடியும். பின்னர் நினைத்துச் சேர்ப்பது கடினம். முதுமையைக் காணவேண்டும் என்னும் முன்முடிவு இல்லாத இடத்தில் முதுமை தாளில் தோன்றாது.

அம்முன்முடிவு இங்கிலாந்தில் எங்கிருந்து வந்தது? நமது நோக்கில் அது முதற்கண் ஓர் அழகியற் பார்வையன்று. ஒரு நிறுவனத்தின் விளைவு. 1694இல் கிறீனிச்சிற் கடற்படை மாலுமிகளுக்கான அரச மருத்துவமனை நிறுவப்பெற்றது. 1705 முதல் 1869 வரை முதிய, ஊனமுற்ற மாலுமிகள் அங்கு தங்கி வாழ்ந்தனர். நீல மேலங்கியும் முக்கோணத் தொப்பியும் சிலவேளை மரக்காலும் கொண்ட கிறீனிச் ஓய்வூதியர் 18ஆம், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் படங்களிலும் அச்சுகளிலும் ஓயாது தோன்றுகின்றனர். கேலிச்சித்திரக்காரரும் அவர்களை விட்டு வைக்கவில்லை. இது அரசின் பெருந்தன்மை என்று கருதவேண்டியதில்லை. 1696 முதல் மாலுமிகளின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 6 பென்ஸ் கழிக்கப்பட்டு அம்மருத்துவமனைக்குச் செலுத்தப்பட்டது. வர்த்தகக் கப்பல் மாலுமிகளிடமிருந்தும் அது அறவிடப்பட்டது. தன் உழைப்பிலிருந்து பிடிக்கப்பட்ட பணத்தினால் அம்மாலுமி தன் முதுமைக்கு ஓர் இடத்தைப் பெற்றான். இடம் பெற்ற முதுமை ஓவியரின் கண்ணுக்கும் தெரிந்தது. தெம்ஸ் நதிக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அக்கிழவர்கள் ஓவியர் முன் அமர்வதற்கு நேரமும் உடையவராயிருந்தனர். உருவப்படத்திற்கு ஓய்வு வேண்டும் என்ற எளிய உண்மை நமது கலை வரலாறுகளில் இடம்பெறுவதில்லை.

அதே தெம்ஸ் நதிக்கு வந்துசேர்ந்த மற்றொரு கூட்டத்தினரை இங்கு நினைவுகூரவேண்டும். 'லஸ்கார்' எனப் பெயரிடப்பட்ட ஆசிய மாலுமிகள் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் ஊழியஞ்செய்து இலண்டனை அடைந்து, திரும்பும் கப்பலுக்காகக் குளிரிற் காத்துக் கிடந்தனர். 1823இல் இயற்றப்பெற்ற சட்டம், அவர்கள் பிரித்தானிய ஆள்புலத்திற் பிறந்தவராயினும் பிரித்தானிய மாலுமிகளாகக் கொள்ளப்படார் என்று வகுத்தது. கிறீனிச்சிற்கு எதிர்க்கரையில், சிறிது மேற்கே, லைம்ஹவுஸில் ஆசியருக்கான தங்குமடமொன்று 1857இலேதான் திறக்கப்பட்டது. அதுவும் தற்காலிகமாகத் தங்கிப் பின்னர் ஊர் திரும்புவதற்கே அமைக்கப்பட்டது, முதுமையைக் கழிப்பதற்கன்று. லஸ்கார் படங்களில் தலைப்பாகையும் நிறமும் கவனமாகக் குறிக்கப்பட்டுள்ளன. கிறீனிச் கிழவனுக்குரிய படவகையைப் போன்று, 'முதிய லஸ்கார்' என்றொரு வகை உருவாகவில்லை. முதுமைக்கு உரிமையில்லாதவனின் முதுமை படத்துக்கும் உரியதாகவில்லை என்பதே நாம் இங்கு கூற முற்படுவது.

இதற்குச் சான்று தேடி இலண்டனுக்குச் செல்லவேண்டியதில்லை, தஞ்சாவூரே போதும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதற்கொண்டு, கம்பனி அதிகாரிகளின் தேவைக்காகத் தஞ்சை ஓவியர்கள் ஐரோப்பியத் தாளில் தீட்டிய தொகுப்புகள் இன்று இலண்டன் அருங்காட்சியகங்களிற் பேணப்படுகின்றன. ஒவ்வொரு தாளிலும் ஒரு சாதி அல்லது தொழிலைச் சேர்ந்த ஆணும் பெண்ணும், கணவனும் மனைவியுமாக, தத்தம் கருவிகளுடன் நிற்பர். நெசவாளர், குயவர், நாவிதர், சிப்பாய் என்ற வரிசையில் மீனவனும் உளன்; அவன் கையில் வலை, அவளிடம் மீன்கூடை. காலடியில் ஒரு கீற்று நிலம். மேலே வெறும் வானம். நரையென்பது இத்தொகுப்புகளிற் பெரும்பாலும் துறவிகளுக்கும் மதகுருமாருக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டிருக்கக் காண்கின்றோம். உழைப்பாளிகள் யாவரும் ஏறத்தாழ ஒரே பருவத்தினர். கடலில் நாற்பதாண்டு சென்ற உடலுக்கும் நான்காண்டு சென்ற உடலுக்கும் வேறுபாடில்லை.

இதனைத் தஞ்சை ஓவியரின் திறமைக் குறைவென்று ஐரோப்பிய விமர்சகர் சிலர் கூறியது போன்று நாமும் கூறுவது தவறாகும். அவ்வோவியர் தடித்த, ஒளிபுகா வர்ணத்தைக் கையாண்டவர். வெண்மையை வர்ணத்தின் மீதே வைக்க அறிந்தவர். விரும்பியிருப்பின் நரையைக் கடைசி நிமிடத்திற்கூடச் சேர்த்திருக்கலாம். ஊடகம் தடையாயிருக்கவில்லை, வேண்டுகோளே தடையாயிருந்தது. வாங்குவோர் கேட்டது ஒரு மனிதனையன்று, ஓர் இனத்தின் மாதிரியை. மாதிரிக்கு வயது கிடையாது. அடியில் எழுதப்பட்டதும் சாதிப்பெயரே. ஓவியரின் பெயரும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவரும் கூலிக்குத் தாள் நிரப்பியவரே என்பதை மறந்து அவர் மீது பழி சுமத்துவது முற்போக்கு விமர்சனத்திற்கு அழகன்று. இலங்கையிலும், புதுச்சேரியிற் பிறந்து கொழும்பில் வாழ்ந்த இப்போலிட் சில்வாஃப் 19ஆம் நூற்றாண்டில் தீட்டிய இந்நாட்டு மக்களின் உடை, தோற்றம் பற்றிய நீர்வர்ணங்கள் இம்மரபின் தொடர்ச்சியாகவே நோக்கத்தக்கவை.

1802 முதல் 1807 வரை சென்னையிலிருந்த ஆங்கில ஓவியர் ஜோர்ஜ் சினறியை இவர்களோடு ஒப்பிடலாம். அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றாற் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே மனிதரையும் பொருளையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. கட்டுமரக்காரர் அருகே உடன்வந்தனர். ஐரோப்பியர் ஒவ்வொருவரும் தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கண்ட தமிழர் இப்படகோட்டிகளே. உயிரை ஒப்படைத்ததும் அவர்களிடமே. சினறியின் வரைவுகளில் அவர்கள் வேகமும் வலிமையும் உள்ள உடல்களாகத் தோன்றுகின்றனர். தஞ்சைத் தொகுப்பின் அசைவற்ற நிலை இங்கில்லை. அது பெரிய முன்னேற்றமே. எனினும் இவ்வுடல்கள் என்றும் உழைக்கும் வயதிலேயே உள்ளன. பிற்காலத்தில் மக்காவோவிற் குடியேறித் தன் சொந்த முதுமையை மூக்குக்கண்ணாடியும் சுருங்கிய வாயுமாக ஒளிவுமறைவின்றி வரைந்தவர் இவர். முதுமையை எவ்வாறு வரைவது என்பது அவருக்குத் தெரியாத ஒன்றன்று.

இவ்விடத்தில் 'மாதிரி' என்பதற்கும் லூக்காக்ஸ் முதலிய மார்க்சிய விமர்சகர் பேசிய 'வகைமாதிரி' என்பதற்குமுள்ள வேறுபாட்டினை வற்புறுத்துதல் வேண்டும். நம்மிடையே இவ்விரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன. மாதிரியில் தனிமனிதன் பொதுமையினுள் மறைந்துவிடுகின்றான். வகைமாதிரியிலோ, தனித்தன்மை முழுமையாக விளங்கும்போதே ஒரு வர்க்கத்தின், ஒரு காலத்தின் இயக்கம் புலனாகின்றது. உருவப்படத்தில் இவ்வேறுபாட்டினை அளக்கும் கருவிகளுள் ஒன்று வயது. வயது என்பது ஒருவனுக்கே உரிய உடலில், எல்லோருக்கும் பொதுவான உழைப்பு எழுதிய கணக்கு. கம்பனித் தொகுப்பின் வயதற்ற மீனவனும், அமெச்சூர் ஓவியரின் அழகிய சுருக்கங்கள் கொண்ட கிழமாலுமியும் ஒன்றுக்கொன்று எதிரானவர் போலத் தோன்றினும் ஒரே பிழையின் இரு பக்கங்களே. முன்னதிற் கணக்கு எழுதப்படவேயில்லை. பின்னதிற் கணக்கு அலங்காரக் கோலமாக்கப்பட்டுள்ளது.

இரண்டையும் தவிர்த்த ஓவியர் உளரா? வின்ஸ்லோ ஹோமர் ஓரளவுக்கு அதனைச் செய்தார். 1873ஆம் ஆண்டுக் கோடையில் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் என்னும் மீன்பிடித் துறையில் அவரது முதலாவது நீர்வர்ண வரிசை தோன்றிற்று. 1881–82இல் இங்கிலாந்தின் கலர்கோட்ஸ் என்னும் கடற்கரையூரிற் சுமார் இருபது மாதங்கள் தங்கி வரைந்தார். அங்கு அவர் கவனம் கிழமாலுமியின் தாடியிற் செல்லவில்லை. வலை பழுதுபார்த்து, கூடை சுமந்து, புயலில் வள்ளங்களை எதிர்நோக்கி நின்ற பெண்களிடம் சென்றது. கடலோடி அப்படங்களிற் பெரும்பாலும் இல்லாமையாகவே இருக்கின்றான். திரும்பிவராதிருக்கக்கூடியவனை வரைவதற்கு இதனைவிட நேர்மையான முறை இல்லை என்று தோன்றுகின்றது. ஆனாலும் பெயர் குறித்த தனியுருவங்களாக அவை அமையவில்லை. குளொஸ்டரில் 1925இல் மீனவர் நினைவுச் சிலை எழுப்பப்பட்டது. கடலில் இறந்தோரின் பெயர்கள் அதனருகே பொறிக்கப்பெறுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்றுப் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர்மாறி, 1938 ஆகஸ்டில் தமிழ் மாலுமிகளுடன் சென்றடைந்த துறைமுகமும் இதே குளொஸ்டர்தான். வல்வெட்டித்துறையார் அம்மாலுமிகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் காத்து வந்துள்ளனர். நம்மவரிற் பெயருடன் நினைவுகூரப்படும் கடலோடிகள் அரியர் என்பதனால் இச்செய்தி இங்கு குறிக்கத்தக்கது.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வீதி வழியே சென்றால் புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தை அடையலாம். உருவப்பட வரலாற்றில் முதுமையை மாபெரும் பொருளாக்கிய ஒருவர் அங்கு அடக்கஞ்செய்யப்பட்டுள்ளார். ஜூலியா மார்கிறெட் கமரன் ஓவியரல்லர், புகைப்படக் கலைஞர். எனினும் அவர் நமது பொருளுக்கு மிக நெருங்கியவர். 1867இல் அவர் எடுத்த வானியலறிஞர் ஹேர்ஷலின் படத்தில் இருளிலிருந்து நரைமுடி மாத்திரம் ஒளியாகக் கிளம்புகின்றது. நீர்வர்ணக்காரர் தாளைத் தீண்டாது விட்டது போலவே இது. கார்லைல், தெனிசன் ஆகியோரின் முகங்களும் அவ்வாறே. தம் முதிய கணவரை மேர்லின் என்னும் மந்திரவாதியாக வேடமிட்டு எடுத்தார். அக்கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்லர். இந்நாட்டில் இராசகாரிய முறை நீங்குவதற்கும் கூலியுழைப்புக்கு வழி திறப்பதற்கும் காரணமான கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரனே. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தனர். ஜூலியா 1879இல் இப்பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்தில் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே எஞ்சியுள்ளன. அவற்றிலுள்ள இந்நாட்டவர் கம்பீரமாகவே நிற்கின்றனர், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹேர்ஷலுக்குப் பெயர் இருந்தது. இவர்கள் பெரும்பாலும் பெயரின்றியே உள்ளனர். ஒரே கண், ஒரே கருவி. மாறியது எதிரில் நின்றவரின் சமூக நிலை மாத்திரமே.

தேயிலை வர்த்தகம் தன் விளம்பரங்களுக்கென உருவாக்கிய மலையகப் படிமம் இதன் அடுத்த கட்டம். கூடை சுமந்து சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு நூற்றாண்டாக வயது ஏறவில்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. விளம்பரத்தில் முதுமை இன்னும் வரவில்லை.

அவ்வாறாயின் மலையகத்தில் முதிய கடலோடியின் நீர்வர்ணப் படம் அறவே இல்லையா? உண்டு என்றே கூறவேண்டும். நாம் அதனைக் கலையென்று கருதாதபடியாற் காணவில்லை. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சமமாகப் பங்கிடப்பட்டனர். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் இப்போது விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டிலும் ஒட்டுவதற்குத் தம் முகங்களைப் படம்பிடிக்கவேண்டியவராயினர். ஸ்ரூடியோவுக்குள் முதன்முறையாக நுழைந்த முதியோர் பலர். பலருக்கு அதுவே கடைசி முறையும். அவர்களுள் ஒரு பகுதியினர் குழந்தைகளாகவோ இளைஞராகவோ கடலைக் கடந்து வந்தவர். இப்போது கிழவராகத் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் நோக்கி மீண்டும் கடக்க நேர்ந்தவர். இருமுறை கடல் கடந்த இவர்களைக் கடலோடிகள் என்று அழைப்பதில் சொற்பொருட் பிழை இருக்கலாம், வரலாற்றுப் பிழை இல்லை. பின்னர் லயத்திலோ தமிழ்நாட்டுக் குடியேற்றத்திலோ தங்கிய பிள்ளைகள் அச்சிறு படத்தைப் பெருப்பித்து, நிறந்தீட்டிச் சட்டமிட்டு மாட்டினர். கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது நீரிற் கரைத்த சாயத்தை மென்தூரிகையாற் பூசுவதே அந்நிறந்தீட்டல். கன்னத்தில் இளஞ்சிவப்பு, உதட்டிற் சிறிது சிவப்பு, பின்னணியில் நீலம்.

இப்படங்களைக் கலைப்பொருளாகக் கொள்ள முற்படும் விமர்சகர் ஓர் இடர்ப்பாட்டினை எதிர்கொள்ளவேண்டியவராவர். ஸ்ரூடியோக்காரர் முகத்தைத் திருத்தியுள்ளார். கண்ணின் கீழுள்ள பை, நெற்றிக் கோடு, கன்னக்குழி ஆகியன கூர்மையான பென்சிலினால் மறைக்கப்பட்டுள்ளன. தஞ்சை ஓவியரிடம் கம்பனி அதிகாரி கேட்ட வயதின்மையை இங்கு சொந்தப் பிள்ளைகளே கேட்டுப் பெற்றிருக்கின்றனர். யதார்த்தவாதத்தின் பெயரால் இதனை நாம் கண்டிப்பது எளிது. சுருக்கங்களை அகற்றியது பொய், முதலாளித்துவ ஸ்ரூடியோ இரசனை, இவ்வாறெல்லாம் எழுதிவிடலாம். ஆனால் தோட்டத்தில் முதுமை என்பது பேர் வெட்டப்படுவதையும், காம்பராவில் இடம் கேட்டு நிற்பதையும் குறித்தது என்பதை அறிந்த பிள்ளைகள், தந்தையின் முகத்திலிருந்து எதனை அகற்றச் சொன்னார்கள் என்று சிந்திக்கவேண்டும். கம்பனித் தொகுப்பில் வயது மறுக்கப்பட்டது. இங்கு அவமதிப்பு மறுக்கப்பட்டது. தூரிகையின் செயல் ஒன்றேயாயினும் பொருள் ஒன்றன்று. படத்தின் அடியிற் பெயரும், இறந்த திகதியும் எழுதப்பட்டிருப்பதே இவ்வேறுபாட்டுக்குச் சான்று. மாதிரிக்குப் பெயரும் இல்லை, இறப்பும் இல்லை.

முதுமையை உள்ளவாறு எழுதும் உருவப்படம் நமக்கு வேண்டுமென்ற கோரிக்கையை நாம் கைவிடவேண்டும் என்பதன்று இதன் பொருள். அக்கோரிக்கை அம்முதியோரின் பிள்ளைகளோடு பேசிய பின்னரே வைக்கப்படவேண்டும். இப்படங்களைத் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாம். பெயர், பிறந்த ஊர், கடல் கடந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர், யார் நிறந்தீட்டுமாறு கேட்டார் என்னும் விவரங்களுடன் அவை பதியப்படவேண்டும். காலம் அதிகமில்லை. மலைநாட்டு ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கின்றது; அடுப்புப் புகை கண்ணாடிக்குள்ளும் புகுகின்றது. ஒளிபட ஒளிபடச் சாயங்களில் இளஞ்சிவப்பே முதலில் வெளிறிப் போகின்றது. பென்சிற் கோடுகளும் மெல்லத் தேய்ந்த சில படங்களில், அடியிலிருந்த சாம்பல் நிற முகத்தில் நெற்றிக் கோடுகள் மீண்டும் தெரியத் தொடங்கியுள்ளன.